எச்சில் பட்ட விண்கலம்

மரியபுஷ்பத்தின் தோளில் வானத்துத் தூசி வந்து அடித்த முதல் நாள், அடுத்த வீட்டு வாசலில் சண்முகவடிவு உப்புச் சேர்த்துப் புளி உருட்டிக்கொண்டிருந்தாள். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் பித்தளைத் தாம்பாளத்தில் கடுகை எறிந்ததுபோல் ‘ணங்’ என்று ஒரு சத்தமும் அதன் பின்னாலேயே “மாதாவே” என்று ஒரு முனகலும் கேட்க, “கடக்கரைக்காரிக்கு என்ன கை தவறிச்சோ” என்று தனக்குள் சொல்லிவிட்டு அடுத்த உருண்டைக்குப் புளி எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு ணங், இன்னொரு மாதாவே. மூன்றாவது தடவை கேட்டபோது தெருப் பொம்பளைகள் நாலைந்து பேர் புஷ்பத்தின் வாசலில் கூடிவிட்டார்கள், கூடின பிறகு பார்க்காமல் இருப்பது எப்படி, வடிவும் புளிக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

தையல் மிஷினுக்கு முன்னால் புஷ்பம் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோளில் மிளகளவுக்கு நீலம் பாரித்திருந்தது. அதன் நடுவில் கல்கண்டுத் துணுக்குபோல் ஒரு பனிப்பொடி நின்று, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்து, தொட்டு வைத்த கண்மையளவுக்குக் கறுப்புத் தூசியை விட்டுவிட்டுப் போனது. சித்திரை வெயிலில் தெருத் தார் இளகிக் கிடந்தது, ஆனாலும் பனி எங்கிருந்து வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. “குளிர்ச்சிதான, உடம்புக்கு நல்லது” என்றாள் ஒருத்தி. “உச்சி வேளையில நம்ம மேலயும் ரெண்டு விழுந்தா ஆகாதா” என்றாள் இன்னொருத்தி. புஷ்பம் மட்டும், “வலிக்குக்கா, எலும்புல இறங்குது” என்றாள்.

வடிவு திரும்பி வந்து புளியில் கையை வைத்தாள். என்ன ஏது என்று கேட்க அவர்களுக்குள் என்ன பேச்சு வார்த்தை இருந்தது? புஷ்பம் அவளுடைய தம்பி பெண்டாட்டி. தாயில்லாத தம்பி ஆறுமுகநயினாரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் வடிவு. அவன் வளர்ந்து, படித்து, கப்பல் வேலைக்குப் போய், உவரிப் பக்கத்துக் கடற்கரையில் மீன் விற்கிற வீட்டுப் பெண்ணை மாலையும் கழுத்துமாகக் கூட்டி வந்து வாசலில் நிறுத்திய அன்றைக்கு, தெரு முழுக்கக் கேட்கும்படி அவள் ஒரு வார்த்தை சொன்னாள்: “அவ வாய் வச்ச செம்புல நான் வாய் வச்சேன்னா என் பேரு சண்முகவடிவு இல்ல.” சொன்னபடியே நடந்தாள். அந்த வீட்டுக்கு இரவல் போன தேங்காய்த் துருவி திரும்பி வந்தால் புளி போட்டு மூன்று தடவை கழுவிவிட்டுத்தான் உள்ளே எடுப்பாள், அதுவும் நடுச்சுவர் ஓரமாக நின்று, அந்தப் பக்கத்தில் கேட்கும்படி தண்ணீரை விசிறி விசிறிக் கழுவுவாள். தெருவும் ஒன்றும் குறைச்சல் இல்லை. புஷ்பத்திடம் ஜாக்கெட் தைத்துக்கொள்ளும், கதை பேசும், தாகம் என்றால் மட்டும் தன் தன் வீட்டுக்குப் போய்விடும்.

பணகுடிக்குத் தெற்கே கணவாய்க் காற்று ஆளைத் தள்ளுகிற சின்ன ஊர் அது. காற்றாலைகள் நாலு பக்கமும் சுற்றிக்கொண்டே இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் விண்கலம் கட்டுகிற நிலையம் ஒன்று இருந்தது, அங்கே கலத்துக்குப் போர்த்துகிற தங்க நிறப் போர்வையைக் கையால் தைக்க நல்ல தையல்காரிகள் வேண்டும் என்று கூப்பிட்டபோது புஷ்பம் போய்ச் சில மாதம் தைத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அந்தக் கலம் மேலே போய் வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது. ஊரில் அதை மறந்தே போனார்கள்.

அதனால் தோளில் தொடங்கின அடி முதுகுக்கும் முழங்காலுக்கும் இறங்கி, நாளுக்கு நாலு, நாளுக்கு பத்து என்று ஏறினபோதும் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை, வந்ததை வந்ததாக ஏற்றுக்கொண்டார்கள். புஷ்பத்தின் வீடு மேலத் தெருவிலேயே குளிர்ந்த வீடாகிவிட்டது, அவள் மிஷின் பக்கத்தில் வைத்த மோர் புளிக்கவில்லை, பிச்சிப்பூ வாடவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பொம்பளைகள் அங்கே போய்க் காலை நீட்டிக்கொண்டார்கள், கைக்குழந்தைகளை அவள் நிழலில் தூங்கப் போட்டார்கள், ணங் என்று சத்தம் கேட்டால் பேச்சை ஒரு நொடி நிறுத்தி, அவள் “மாதாவே” சொல்லி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். பிள்ளையார் கோயில் தர்மகர்த்தா தாணுமூர்த்தி அண்ணாச்சி அந்தக் கறுப்புத் தூசி ஒரு சிட்டிகை வாங்கி வரச் சொல்லித் தன் முட்டியில் பூசிப் பார்த்து, வாதத்துக்குக் கேட்கிறது என்று சொன்னார். அன்றிலிருந்து அடி வாங்கினவளைவிட அடி விட்டுப்போன தூசிக்குக் கிராக்கி அதிகம். வடிவு இதையெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே கேட்டாள். கேட்டுக் கேட்டு அவள் காதுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது: ணங் கேட்டதும் கையிலுள்ள வேலை நிற்கும், மாதாவே கேட்ட பிறகுதான் மறுபடி ஓடும்.

நிலையத்தில் அந்தக் கலத்தைக் கவனிக்கிற பரஞ்சோதி சார் செய்தி கேள்விப்பட்டு ஒரு நாள் வந்தார். சாதுவான மனிதர், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்திருக்கும்போதே புஷ்பத்தின் மணிக்கட்டில் ஒரு அடி விழுந்தது, அதே நேரத்தில் அவர் கைப்பேசியில் ஒரு மணி அடித்தது. மறுபடி அடி, மறுபடி மணி. அவர் வேர்த்துப் போனார், அந்தக் குளிர்ந்த வீட்டில்.

“எப்படின்னு எங்கிட்ட கேக்காதீங்கம்மா, எனக்குத் தெரியாது” என்றார். “அந்தக் கலத்து மேல எப்பல்லாம் தூசி மோதுதோ, அப்பல்லாம் உங்க மேல மோதுது. இதுவரைக்கும் அங்கொண்ணு இங்கொண்ணுதான். வர்ற வெள்ளிக்கிழமை காலையில அது ஒரு வால் நட்சத்திரத்தோட வாலுக்குள்ள போகப் போகுது. பூரா பனியும் தூசியும். அதுக்குத்தான் அனுப்பினதே.”

“திருப்ப முடியாதா சார்?” என்று கூட்டத்திலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“திருப்ப அதுல எண்ணெய் இல்லம்மா. நேத்தே கேட்டுப் பாத்துட்டேன்.”

“எத்தன அடி விழும்?” என்றாள் புஷ்பம்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “மழையில எத்தன துளின்னா என்ன சொல்ல. கலத்துக்கு நீங்க தச்ச போர்வை இருக்கு, அது தாங்கிரும். உங்களுக்குத்தான் போர்த்த ஒண்ணும் இல்ல.”

அன்றைக்குத்தான் தெரு முதல் தடவையாக வானத்தைப் பார்த்தது. அதற்குப் பிறகு சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது, பாவம், செய்ய முடிந்ததையெல்லாம் செய்தார்கள். புஷ்பத்தை ஐந்து மெத்தைக்கு அடியில் படுக்க வைத்தார்கள், அடி மெத்தையைக் கேட்காமல் உள்ளே விழுந்தது. ரேஷன் கடைக்குப் பின்னாலுள்ள பாலத்துக்கு அடியில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள், அங்கேயும் விழுந்தது. துணி பீரோவைக் காலி பண்ணி உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள், பீரோவுக்குள்ளிருந்து ணங் கேட்டது, திறந்தால் நெற்றியில் நீலம். உவரியிலிருந்து அவள் அண்ணன் வந்து ஊருக்குக் கூப்பிட்டபோது, எங்கே போனாலும் வானம் ஒன்றுதானே என்று அவள் போக மறுத்துவிட்டாள். நடுக்கடலில் இருந்த புருஷன் நயினார் போனில் அழுதான், அவன் கப்பல் கரை சேரவே இன்னும் நாளாகும்.

இதற்கு நடுவில்தான் வடிவுக்கு ஜாக்கெட் கொக்கி அறுந்தது. கோயிலுக்குக் கிளம்பி நிற்கிறாள், கொக்கி கையோடு வந்துவிட்டது. அவளிடம் ஊசி இருந்தது, நூல் இருந்தது, நூலை ஊசிக்காதில் நுழைக்கிற கண்தான் இல்லை, சாளேசுரம் வந்து நாளாயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் புஷ்பத்தின் வாசலில் தொங்குகிற காலண்டர் அட்டையில் எப்போதும் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருக்கும். புஷ்பம் தண்ணீர்க் குழாய்க்குப் போயிருந்தாள். ஊசியில் என்ன இருக்கிறது, இரும்புதானே என்று வடிவு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அதை உருவிக்கொண்டு வந்து, கொக்கியைத் தைத்து, முடிச்சுப் போட்டு, எல்லோரும் செய்வதுபோல் மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, ஊசியைப் பழையபடி குத்திவிட்டு வந்தாள்.

கோயிலில் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றும்போது கீழுதட்டில் ணங் என்று அடித்தது.

அவள் சத்தம் போடவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தாள்: உதட்டில் மிளகளவு நீலம், ஒரு பனிப்பொடி, நாக்கில் பட்டதும் துருவின இரும்பு ருசி. கதவைச் சாத்திவிட்டு நடுச்சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்து காதைக் கொடுத்தாள். ணங், மாதாவே. அடுத்தது வடிவின் முழங்கையில் விழுந்தது, அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் அந்தப் பக்கம். அப்புறம் இந்தப் பக்கம். விழுந்த அடியைச் சுவருக்கு இரண்டு பக்கமும் யாரோ பங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

எச்சிலைப் பற்றி அந்தத் தெருவில் வடிவைவிட அதிகம் யோசித்தவர்கள் இல்லை. காலமெல்லாம் அதைத்தானே காவல் காத்தாள்? எழுந்து போனாள், புஷ்பத்தின் வாசலுக்கு வெளியே நின்றாள்.

“ஏட்டி, ஒண்ணு கேட்டா உள்ளதச் சொல்லுவியா? அந்தப் போர்வை தைக்கையில நூல வாயில வச்சியா?”

புஷ்பத்தின் முகம் செத்துப்போயிற்று. “கடைசித் தையல் மயினி. நூல் பிரிஞ்சு ஊசியில ஏறவே இல்ல. முகத்துல கட்டுன துணிய இறக்கி நாக்குல நனச்சு நுழச்சிட்டேன். அங்க மூச்சுக்காத்து பட்டாலே தப்புன்னு சொல்லியிருந்தாங்க. சார்ட்ட சொல்லிராதீங்க.” பிறகு, “ஏன் கேக்கீங்க?” என்றாள்.

“சும்மாதான்” என்று வடிவு உதட்டை மறைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

சும்மாவா? வீட்டுக்குள் வந்து குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். எச்சில் பட்டது ஒட்டிக்கொள்ளும், எச்சில் தின்றவர்களுக்கும் பங்கு உண்டு, தெருவே அவள் எச்சிலைக் குடித்தால் தெருவே அடியைப் பிரித்துக்கொள்ளும், ஆளுக்கு விரலால் சுண்டினதுபோல் நாலு விழும், புஷ்பம் பிழைத்துக்கொள்வாள். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆனால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. இத்தனை வருஷம் விசிறி விசிறிக் கழுவினவள், களவாக எடுத்த ஊசியில் அவள் எச்சிலில் நனைத்துக் கோத்த நூலைக் கடித்துத் துப்பினேன் என்று எந்த வாயால் சொல்வாள்? அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. புதன்கிழமையும் போயிற்று. உதட்டுக் காயத்தைக் கேட்டவர்களிடம் சூடுகட்டி என்றாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் புஷ்பமே வந்தாள், வாசலுக்கு வெளியே, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றாள். முகமெல்லாம் நீலமும் மஞ்சளுமாக இருந்தது.

“மயினி, உங்க தம்பிக்குச் சுண்டவத்தக் குழம்புன்னா உசுரு. நானும் இத்தன வருசமா வச்சுப் பாக்கேன், அக்கா கைப்பக்குவம் வரலன்னுதான் சொல்லுவாங்க. வந்தாங்கன்னா வச்சுக் குடுங்க.” கொஞ்சம் நின்றாள். “நான் போயிட்டா என்னக் குளிப்பாட்டி எடுக்க வேண்டிய உரிமைக்காரி நீங்கதான். மூணு தடவ கழுவுனாலும் சரி மயினி, நான் ஒண்ணும் நெனச்சுக்கிட மாட்டேன்.”

குத்திக் காட்டவில்லை அவள், உள்ளதைத்தான் சொன்னாள், அதுதான் வடிவுக்குத் தாங்கவில்லை. அவள் போன பிறகு, வைத்த சோற்றை மூடி வைத்துவிட்டு, தம்பியைத் தூக்கி வளர்த்த இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் அப்படியே நின்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் குழாயில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்ற அத்தனை குடத்துக்கும் முன்னால் வடிவு போய் நின்றாள். முந்தானையை எடுத்து உதட்டைக் காட்டினாள், முழங்கையைக் காட்டினாள், ஊசியைச் சொன்னாள், நூலைச் சொன்னாள், பங்கைச் சொன்னாள். “அவ எச்சி எனக்குள்ள போயிட்டு. அதனால பாதி எனக்கு விழுது. ரெண்டு பேராத் தாங்க முடியாது, ரெண்டு பொணம்தான் விழும். ஊரே சேந்தா ஆளுக்கு ஒரு தழும்பு. வாறவங்க வாங்க.”

குடம் நிறைந்து வழிந்தது, யாரும் குழாயை அடைக்கவில்லை. தாணுமூர்த்தி அண்ணாச்சி பல் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். “அப்ப உன் பேரு என்ன வடிவு?” என்றார். யாரோ சிரித்தார்கள்.

“பேரு போயிட்டு அண்ணாச்சி. நீங்க பாத்து ஒண்ணு வைங்க” என்றாள் வடிவு.

புஷ்பத்தின் வாசலில் பாய்கள் விரித்தார்கள். வடிவு தன் வீட்டுப் பித்தளைச் செம்பில் பானகம் கரைத்துக் கொண்டுவந்து புஷ்பத்தின் கையில் கொடுத்தாள். புஷ்பம் அதை வாங்காமல் அவள் முகத்தையே பார்த்தாள், “வாய வச்சுக் குடிட்டி” என்று வடிவு அதட்டினதும் வாய் வைத்தாள். அடுத்து வடிவு. அடுத்து நெடு நேரம் யாரும் இல்லை. பிறகு குழந்தையைப் புஷ்பத்தின் நிழலில் தூங்கப் போடுகிறவள் ஒருத்தி வந்தாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி, டீக்கடைக்காரர், பால்காரர், காற்றாலையில் காவலுக்கு இருக்கிறவர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள், செம்பு கை மாறியது, குறையக் குறைய வடிவு ஊற்றினாள், புஷ்பம் வாய் வைத்தாள். கடைசியில், நாளைக்கு ஊர் பேசும் என்று அண்ணாச்சியும் அவர் பக்கத்து ஆட்களும் வந்து செம்பைத் தூக்கி, தலையை அண்ணாந்து, தொண்டையில் ஒரு முழுங்குச் சத்தம் கேட்கக் குடித்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார்கள்.

பரஞ்சோதி சாரும் வந்து, கேட்காமலேயே செம்பை வாங்கி வாய் வைத்துக் குடித்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வெயில் ஏறியது. “கலம் உள்ள போயிட்டு” என்றார்.

முதலில் டீக்கடைக்காரர் காதில் விழுந்தது. அப்புறம் பால்காரர் மூக்கில். ஒருத்தி “ஆத்தாடி” என்று தொடையைத் தடவிச் சிரித்தாள். பிறகு சிரிக்க நேரம் இல்லை, பிள்ளையார் கோயில் மணிகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் குலுக்கினதுபோல் தெரு அதிர்ந்தது, தோளிலும் முட்டியிலும் பிடரியிலும் விழுந்தது, பாய் நனைந்தது, சித்திரை மாதத்தில் வாயிலிருந்து புகை வந்தது, குழந்தைகளை விட்டுவிட்டு வந்த தாய்மார்கள் குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த புஷ்பம் ஒவ்வொரு அடிக்கும் மாதாவே சொல்லிக்கொண்டிருந்தவள், அடி நெருங்க நெருங்க “மா” என்று மட்டும் சொன்னாள், பிறகு அதுவும் இல்லாமல் வடிவின் மடியில் சாய்ந்தாள்.

“இன்னும் பாதிகூடத் தாண்டல” என்றார் பரஞ்சோதி சார், அவர் நெற்றியில் ரத்தம் கட்டியிருந்தது.

வடிவு நிமிர்ந்து பாய்களைப் பார்த்தாள். இந்த ஓரம் முழுக்க நீலம் நீலமாக இருந்தது. அந்த ஓரம், அண்ணாச்சியும் அவர் பக்கத்து வரிசையும், கோயிலுக்குப் போக உடுத்தின வேட்டி கலையாமல், ஒரு தழும்பு இல்லாமல், காய்ந்து போய் உட்கார்ந்திருந்தது. அண்ணாந்து குடித்தவர்கள். உதடு படாமல் குடித்தவர்கள். அவர்கள் பங்கும் சேர்ந்துதான் மடியில் கிடக்கிறவள் மேல் விழுந்துகொண்டிருந்தது.

புஷ்பத்தின் தலையைப் பாயில் இறக்கி வைத்துவிட்டு, கண்ணிமையிலும் கழுத்திலும் அடி வாங்கிக்கொண்டே வடிவு எழுந்து நடந்தாள். செம்பில் தன் வாயை வைத்து ஒரு மடக்குக் குடித்தாள், அதை அண்ணாச்சி முன்னால் நீட்டினாள்.

“அவ மயங்கிட்டா. என் எச்சியும் இப்ப அவ எச்சிதான். வாய வச்சுக் குடிங்க.”

அண்ணாச்சி செம்பைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். “யோசிச்சுச் செய்ய வேண்டியது வடிவு, அவசரப்பட்டா…” என்று தொடங்கினார். அதற்குள் அவர் பெண்டாட்டி தெய்வானை பக்கத்திலிருந்து கையை நீட்டிச் செம்பைப் பிடுங்கினாள். ஆளே அதிகம் பேசாத மனுஷி. உதட்டை நன்றாகப் பதித்து, ஒழுக ஒழுகக் குடித்தாள், குடித்து முடிக்கும் முன்னே கன்னத்தில் ணங்கென்று விழுந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்து, “குடிங்க. இல்லன்னா இனிமே என் கையால சாப்பிட வராதீங்க” என்றாள்.

அவர் குடித்தார். வரிசை குடித்தது. அடி மொத்தத் தெருவுக்கும் பரவியது, பரவப் பரவப் புஷ்பத்தின் மேல் விழுந்தது குறைந்தது, எண்ணெய் காய்ந்த சட்டியில் கடுகு அடங்குவதுபோல் அடங்கி அடங்கி, கடைசியாக ஒன்று தெய்வானையின் மூக்குத்தியில் பட்டுத் தெறித்து, நின்றது. “வெளிய வந்துட்டு” என்றார் பரஞ்சோதி சார், சொல்லிவிட்டு அழுதார். புஷ்பத்தின் மூக்குக்குக் கீழே வடிவு விரலை வைத்துப் பார்த்தாள், சூடான மூச்சுப் பட்டது.

அதற்குப் பிறகும் அடி நிற்கவில்லை, கலம் போய்க்கொண்டேதானே இருக்கிறது. பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போது, தோசை திருப்பும்போது, கல்யாண வீட்டுப் பந்தியில் என்று மேலத் தெருக்காரர் யாருக்காவது ஒரு ணங் விழும். விழுந்தவர் தடவிவிட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பார். அண்ணாச்சி முதலிலேயே தான் குடித்ததாகவும், தனக்கு மட்டும் அடி தாமதமாக விழுந்ததாகவும் கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தார், தெய்வானை இருக்கும் இடத்தில் சொல்ல மாட்டார். சிலர் பழையபடி செம்பைக் கழுவ ஆரம்பித்ததும் உண்டு, பழக்கம் விடுமா. குழாயடியில் வடிவைப் பார்த்தால், “பேரில்லாதவளே, குடம் நெறஞ்சிட்டு” என்று கேலி பண்ணுவார்கள். அவளும் அந்தப் பேருக்கு ஏன் என்று குரல் கொடுப்பாள்.

புஷ்பம் எழுந்து நடமாடத் தொடங்கின அன்றைக்கு வடிவு சுண்டவத்தக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு, வாசலைத் தாண்டி உள்ளே போனாள். மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வெயிலு ரொம்ப” என்றாள் வடிவு. “குடிக்கத் தண்ணி குடு.”

புஷ்பம் அப்போதுதான் தான் குடித்து வைத்த செம்பை எடுத்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள், அடுப்படியில் புளி எங்கே இருக்கிறது என்று தேடினாள். “இந்தா கழுவிட்டுக் கொண்டாறேன் மயினி.”

“கழுவாமக் கொண்டா” என்றாள் வடிவு.